ஆளுமைக் கோளாறுக்குத் தெரபி என்ன செய்யும்? என் தங்கையோடு சேர்ந்து நான் அறிந்தவை

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பார்கள். ஆளுமைக் கோளாறு என்று மருத்துவர் பெயர் சொன்ன பிறகும், என் தங்கையைப் பற்றி உறவினர்கள் சொன்னது அதைத்தான். அவள் குணம் அப்படி, யார் என்ன செய்துவிட முடியும் என்றார்கள். மனநலத் துறையிலேயே இருப்பவர்கள் சிலரிடமும் கிட்டத்தட்ட இதே தொனியைக் கேட்டிருக்கிறோம். அது உண்மையில்லை என்பதால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். ஆளுமைக் கோளாறோடு வாழ்பவர்களுக்குத் தெரபி, அதாவது பேச்சுச் சிகிச்சை, பெரிய அளவில் உதவுகிறது. தெரபி அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது, எது எதை மாற்றுகிறது என்று முடிந்த அளவு விவரமாகச் சொல்லப் பார்க்கிறேன். தங்கை இதைப் படித்து, எதை எழுதலாம், எது வேண்டாம் என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன்.

எல்லோருக்கும் ஒரு குணம் இருக்கிறது. ஒருவர் சட்டென்று கோபப்படுவார், இன்னொருவர் கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குவார். அதெல்லாம் கோளாறு ஆகிவிடாது. தன்னைப் பார்க்கும் விதமும் மற்றவர்களோடு பழகும் விதமும் இறுகிப்போய், வேலை, நட்பு, குடும்பம் என்று எங்கே போனாலும் அதே துன்பம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும்போதுதான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு இதைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-இல் நடைமுறைக்கு வந்த வகைப்பாடு அந்தப் பிரிவுகளைப் பெரும்பாலும் கைவிட்டு, லேசானதா, நடுத்தரமா, தீவிரமா என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறது. எனக்கு இந்த இரண்டாவது பார்வைதான் சரியாகப் படுகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வகைகள் ஒட்டிக்கொள்வது சகஜம். எந்த வகை என்பதைவிட, அது வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்பது முக்கியம்.

என் தங்கைக்குச் சொல்லப்பட்டது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. தெரபி பற்றிய ஆராய்ச்சிகளும் அதில்தான் அதிகம். யாரோ தன்னை விட்டுப் போகப்போகிறார்கள் என்ற பயம் எந்நேரமும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் உயிராகத் தெரிந்தவர் மாலையில் துரோகியாகத் தெரிவார். தான் யார் என்பதே பிடிபடாது, உள்ளே ஒரு வெறுமை இருக்கும். உணர்ச்சி தாங்க முடியாத இடத்துக்குப் போகும்போது தன்னையே காயப்படுத்திக்கொள்வதும், செத்துவிடலாம் என்ற எண்ணமும் வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை நடிப்பு என்றும் பிடிவாதம் என்றும் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வலி முழுக்க முழுக்க நிஜம்.

இந்த வலிக்கு ஒரு முறையான சிகிச்சையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் மார்ஷா லைனஹன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர். மீண்டும் மீண்டும் தற்கொலைக்கு முயன்ற பெண்களுக்கு, 1980-களில், அப்போதிருந்த நடத்தைச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தார். இதை மாற்று, அதை மாற்று என்று சொல்லச் சொல்ல, அவர்கள் காதில் விழுந்தது "தப்பு உன்னிடம்தான்" என்பது. கோபப்பட்டார்கள், பாதியில் நின்றார்கள். சரி, மாற்றத்தைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளலை மட்டும் கொடுப்போம் என்று பார்த்தால், "அப்படியானால் நான் இப்படியே வேக வேண்டியதுதானா?" என்று கேட்டார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டால் மட்டுமே சிகிச்சை நகரும் என்று அவர் கண்டார். இப்போது நீ இருக்கும் நிலைக்குக் காரணம் இருக்கிறது, அதே சமயம் நீ மாறித்தான் ஆக வேண்டும். இப்படிப் பிறந்ததுதான் டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்று எல்லோரும் சொல்லும் சிகிச்சை. அதன் முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991-இல் வந்தது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் மருத்துவமனையில் சேர்வதும் குறைந்தன, சிகிச்சையை விட்டு ஓடுவதும் குறைந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2011-இல், லைனஹன் தன்னைப் பற்றியே ஒன்றைப் பொதுவில் சொன்னார். பதினேழு வயதில் தானும் இதே மாதிரியான துன்பத்தோடு மனநல மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர் அவர்.

டி.பி.டி.யின் வழக்கமான வடிவம் ஏறக்குறைய ஓர் ஆண்டு நீளும். வாரம் ஒருமுறை தனியாகத் தெரபிஸ்டோடு பேச்சு. வாரம் ஒருமுறை குழுவாக ஒரு வகுப்பு. ஆமாம், வகுப்பேதான், வீட்டுப்பாடம்கூட உண்டு. நிகழ்கணத்தில் கவனத்தை நிறுத்துவது, நெருக்கடியைக் கெடுதல் செய்துகொள்ளாமல் கடப்பது, உணர்ச்சியைச் சீர்ப்படுத்துவது, உறவைக் கெடுக்காமல் வேண்டியதைக் கேட்பது என்ற நான்கையும் அங்கே கற்றுத் தருகிறார்கள். இடைப்பட்ட நாட்களில், தவறான எதையும் செய்துவிடும் முன்பு, தெரபிஸ்டைப் போனில் கூப்பிட்டு எந்தத் திறனைப் பயன்படுத்தலாம் என்று கேட்கலாம். தெரபிஸ்டுகளும் வாரந்தோறும் தங்களுக்குள் கூடிப் பேசுகிறார்கள். இந்த வேலையில் மனம் சோர்ந்துபோவதும், நோயாளி மேல் எரிச்சல் வருவதும் நடக்கும் என்பதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. எனக்கு மிகவும் மரியாதை வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இனி என் தங்கை அதிகம் வெறுத்த, அவளை அதிகம் மாற்றிய பயிற்சிக்கு வருகிறேன். சங்கிலி ஆய்வு என்று அதைச் சொல்கிறார்கள். ஓர் இரவு அவள் நெருங்கிய தோழிக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள். தோழி பார்த்துவிட்டாள், பதில் இல்லை. நள்ளிரவுக்குள் கெஞ்சலும் திட்டும் மாறி மாறி அடுக்கடுக்காகப் போயின, அப்புறம் தோழியின் எண்ணையே முடக்கினாள், அதற்குப் பிறகு தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தது. அவளைக் கேட்டால் "அவ பதில் போடல, நான் உடைஞ்சுட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். தெரபிஸ்ட் அந்த ஒரு வரியை ஏற்கவில்லை. அன்று எப்படித் தூங்கினாய்? சாப்பிட்டாயா? மெசேஜ் பார்க்கப்பட்டது என்று தெரிந்த நொடியில் மனதில் ஓடிய முதல் வாக்கியம் என்ன? உடம்பில் எங்கே என்ன தோன்றியது? அடுத்து கை எங்கே போனது? அனுப்பிய பிறகு ஒரு நிமிடமாவது நிம்மதி வந்ததா? வந்தால் எவ்வளவு நேரம் நின்றது?

இப்படிக் கண்ணி கண்ணியாகப் பிரித்தபோது அவளுக்கே தெரியாத இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. ஒன்று, முந்தைய இரண்டு இரவுகளும் அவள் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு, "பார்த்துவிட்டாள்" என்பதற்கும் முதல் கெஞ்சல் மெசேஜுக்கும் நடுவில் நெஞ்சு இறுகியபடி அவள் சும்மா உட்கார்ந்திருந்த கணிசமான இடைவெளி இருந்தது. எல்லாம் ஒரே நொடியில் நடந்துவிட்டது என்று அதுவரை நம்பியிருந்தாள். இடைவெளி இருக்கிறது என்றால் அங்கே ஏதாவது செய்ய முடியும். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று, குளிர்ந்த நீரில் முகத்தை மூழ்கவைப்பது. மூச்சை அடக்கி முகம் குளிர்ச்சியில் படும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே மெதுவாகும், கொந்தளிப்பு கொஞ்சம் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. இன்னொன்று, உணர்ச்சி தள்ளும் திசைக்கு எதிர்த்திசையில் வேண்டுமென்றே நடப்பது. மேலே விழுந்து கெஞ்சத் தோன்றினால் போனை இன்னோர் அறையில் வைத்துவிட்டு வேறு வேலையில் இறங்குவது. கேட்க எளிமையாக இருக்கும். அந்த நேரத்தில் அதைச் செய்வதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதே உரையாடலில் தெரபிஸ்ட் சொன்ன இரண்டு வாக்கியங்களைத் தங்கை அப்படியே நினைவு வைத்திருக்கிறாள். "உன்னை விட்டுப் போனவர்கள் எல்லோரும் முதலில் மௌனமாகித்தான் போனார்கள். அதனால் மௌனத்தைக் கண்டு நீ பயந்ததில் அர்த்தம் இருக்கிறது." அடுத்த வாக்கியம்: "அந்த மெசேஜ்கள் உனக்கு வேண்டியதைக் கொண்டு வரவில்லை." முதல் வாக்கியம் இல்லாமல் இரண்டாவதைச் சொல்ல வீட்டில் நாங்கள் எல்லோருமே இருந்தோம். இரண்டும் சேர்ந்து, அந்த வரிசையில், ஒருவர் வாயிலிருந்து வந்தது அவளுக்கு அதுதான் முதல்முறை.

பயத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்று சொல்வது செல்லம் கொடுப்பது ஆகாதா என்று அப்பா கேட்டார். லைனஹனின் விளக்கப்படி, சிலர் பிறப்பிலேயே உணர்ச்சி மிகுந்தவர்கள். சட்டென்று தூண்டப்படுவார்கள், உச்சத்துக்குப் போவார்கள், இறங்க நேரமாகும். அப்படிப்பட்ட குழந்தை, "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று உணர்ச்சியைத் தள்ளிவிடும் சூழலில் வளர்ந்தால், தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும் அதை ஆற்றவும் கற்பதில்லை. உரக்கக் கத்தினால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்பதைக் கற்றுக்கொள்கிறது. கொடுமை, புறக்கணிப்பு, வன்முறை நடந்த வீடுகளும் இதில் உண்டு. அன்பான, ஆனால் அந்தக் குழந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தெரியாத வீடுகளும் உண்டு. ஆகவே உணர்ச்சியை ஏற்பது என்பது அப்போது விட்டுப்போன பாடத்தை இப்போது நடத்துவது. நடத்தையை ஏற்பது வேறு விஷயம், அதைத் தெரபிஸ்ட் ஒருநாளும் ஏற்கவில்லை.

சிகிச்சையின் நடுவில் தெரபிஸ்ட் சில வாரங்கள் விடுப்பில் போகப்போவதாகச் சொன்னார், வேண்டிய அளவு முன்கூட்டியே. தங்கை அன்று சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்து, இரவு "இனி வரமாட்டேன்" என்று எழுதி அனுப்பிவிட்டாள். தெரபிஸ்ட் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. நிறுத்துவது உன் முடிவு, ஆனால் ஒருமுறை நேரில் வந்து பேசிவிட்டு நிறுத்து என்றார். அவள் போனாள். போய் அவரைத் திட்டினாள். நான் விடுப்பு என்று சொன்னபோது உன் மனதில் என்னைப் பற்றி என்ன தோன்றியது என்று அவர் கேட்டார். நான் ஒரு சுமை, என்னைக் கழற்றிவிடுகிறார் என்று தோன்றியதாகச் சொன்னாள். உண்மையில் அவர் மனதில் என்ன இருந்தது என்பதையும் அவர் சொன்னார். அடுத்த வாரமும் அவள் போனாள்.

ஆளுமைக் கோளாறுக்கான தெரபியின் மையம் இந்த இடம்தான் என்று நான் நினைக்கிறேன். சண்டை வந்தால் உறவு முடிந்தது என்பதே அவளுடைய அனுபவம். சண்டை போட்ட பிறகும் நிற்கிற ஓர் உறவை அவள் உடம்பால் அனுபவித்தது அங்கேதான். புத்தகம் படித்தோ, வீடியோ பார்த்தோ அதைப் பெற முடியாது. இன்னொரு மனிதர் தேவை, அந்த மனிதருக்குப் பயிற்சியும் தேவை.

லண்டனில் ஆன்தனி பேட்மனும் பீட்டர் ஃபோனகியும் உருவாக்கிய சிகிச்சை இந்தப் புள்ளியையே முழு வேலையாக எடுத்துக்கொள்கிறது. என் மனதில் என்ன ஓடுகிறது, எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடக்கூடும் என்று யோசிக்கும் திறன் நம் எல்லோருக்கும் கோபத்திலும் பயத்திலும் மங்கும். பார்டர்லைன் உள்ளவர்களுக்கு, நெருங்கிய உறவுகளில், அது வெகு சீக்கிரம் அணைந்துவிடும். "அவள் என்னை வெறுக்கிறாள்" என்பது ஊகமாக இல்லாமல் கண்ணால் கண்ட உண்மை போல ஆகிவிடும். தெரபிஸ்ட் அங்கே எல்லாம் தெரிந்தவராகப் பேசுவதில்லை. "எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போமா?" என்று நிறுத்தி, அணைந்த யோசனையை மறுபடி ஏற்றுகிறார். இந்தச் சிகிச்சையில் சேர்ந்தவர்களை எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. சிகிச்சை முடிந்தே ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் காலத்தில் தற்கொலைக்கு முயன்றவர்கள் இந்தக் குழுவில் 23 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 74 சதவீதம். பார்டர்லைன் என்று இன்னும் சொல்லத்தக்கவர்கள் 13 சதவீதம், மற்றதில் 87. சிறிய ஆய்வுதான், நாற்பது பேர் அளவில். ஆனாலும் தெரபி நின்ற பிறகும் பலன் நின்றது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பார்டர்லைன் தவிர்த்த மற்ற வகைகளில், எல்லோரும் என்னை நிராகரிப்பார்கள் என்று ஒதுங்கியே வாழ்பவர்கள், எதற்கும் பிறரைச் சார்ந்தே இருப்பவர்கள், ஒழுங்கிலும் கச்சிதத்திலும் சிக்கி மூச்சுத் திணறுபவர்கள் உண்டு. இவர்கள் சத்தம் போடுவதில்லை, அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. ஜெஃப்ரி யங் உருவாக்கிய ஸ்கீமா தெரபி இவர்களுக்கு உதவுவதை நெதர்லாந்தில் 300-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் காட்டியது. சிறுவயதில் கிடைக்காமல் போன பாதுகாப்பை, தொழில் எல்லைக்குள் நின்றபடி, தெரபிஸ்ட் ஓரளவு தருகிறார். உள்ளுக்குள் ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கும் குரலுக்கு எதிர்த்துப் பேசப் பழக்குகிறார். சமூக விரோத வகையிலும் சுயமோக வகையிலும் ஆதாரம் இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. அவர்கள் தாமாக வருவதும் குறைவு. பெரும்பாலும் மனச்சோர்வோ, குடும்பப் பிரச்சினையோ, நீதிமன்றமோ கொண்டுவந்து விடும்.

மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆளுமைக் கோளாறுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்த மருந்து எதுவும் இல்லை. பார்டர்லைனுக்காக மட்டும் மருந்து தர வேண்டாம் என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் 2009-லேயே சொல்லிவிட்டது. கூடவே மனச்சோர்வு மாதிரி வேறொன்று இருந்தால் அதற்கு மருந்து உதவும். ஆகவே ஏற்கெனவே சாப்பிடுவதைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். மருந்துப் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போய், பேச்சுச் சிகிச்சை என்ற வார்த்தையே வரவில்லை என்றால், மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

எவ்வளவு பேர் தேறுகிறார்கள்? மேரி ஜனரினி தலைமையில் அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் 1992-இல் தொடங்கிய ஆய்வு, அங்கே உள்நோயாளிகளாக இருந்த 290 பேரைத் தொடர்ந்து கவனித்தது. பத்து ஆண்டுகளில் 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோயின் அறிகுறிகள் விலகியிருந்தன. முதன்முதலில் அந்த எண்ணைப் படித்தபோது அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். ஆனால் அதே ஆய்வின் இன்னோர் எண்ணையும் சொல்லியாக வேண்டும். அறிகுறி விலகியதோடு, நிலையான வேலையோ படிப்போ, கூடவே நெருக்கமான ஓர் உறவும் கிடைத்து முழுமையாக மீண்டவர்கள் பாதிப்பேர்தான். மற்றவர்களில் பலருக்குத் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது நின்றுவிடுகிறது, வாழ்க்கை இன்னும் காலியாகவே இருக்கிறது.

அதனால்தான் மறைந்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கண்டர்சனின் அணுகுமுறை எனக்குப் பிடிக்கிறது. தெரபியே வாழ்க்கையாகிவிடக் கூடாது, காதலுக்கு முன் வேலை, தினமும் போக ஓர் இடம் வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. அந்த வழியில் அமைந்த பொதுவான மனநலச் சிகிச்சையையும் டி.பி.டி.யையும் டொராண்டோவில் 180 பேரிடம் ஒப்பிட்டு, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் ஆண்டு முடிவில் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே முன்னேற்றம். பெரிய பெயர் கொண்ட சிகிச்சை பக்கத்தில் இல்லையே என்று ஏங்குபவர்களுக்கு இது முக்கியமான செய்தி. ஆளுமைக் கோளாறைப் புரிந்தவர், ஒழுங்காக வாரந்தோறும் சந்திப்பவர், நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று முன்பே பேசி வைப்பவர் கிடைத்தால் தொடங்கிவிடலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பகுதி இருக்கிறது. கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது நியாயம் பேசாதீர்கள், அது உள்ளே போகாது. உணர்ச்சியை ஒப்புக்கொள்ளுங்கள், தணிந்த பிறகு மற்றதைப் பேசுங்கள். உங்களால் எது முடியும், எது முடியாது என்பதை அமைதியான நேரத்தில் சொல்லிவிட்டு, சொன்னபடியே நில்லுங்கள். நெருக்கடி நேரத்தில் மட்டும் எல்லோரும் ஓடிவந்து, நன்றாக இருக்கும் நாட்களில் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்காதீர்கள். தற்கொலை பற்றிய பேச்சு வந்தால் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், அவசர உதவியை நாடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா இதில் எல்லோரையும்விட வேகமாகக் கற்றுக்கொண்டார். "அக்கா, அம்மா இப்பல்லாம் முதல்ல கேக்குறாங்க, அப்புறம்தான் பேசுறாங்க" என்று தங்கையே சொன்னாள்.

தெரபிஸ்டைத் தேடுபவர்கள் முதல் சந்திப்பிலேயே சிலவற்றைக் கேட்கலாம். இந்தக் கோளாறு உள்ளவர்களோடு முன்பு வேலை செய்திருக்கிறாரா? எந்த முறையில், எவ்வளவு காலம்? சந்திப்புகளுக்கு நடுவில் நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிடுவது? முன்னேற்றத்தை எப்படிப் பார்ப்போம்? அவர் இந்த வேலையைத் தனியாகச் செய்கிறாரா, மூத்தவர் ஒருவரோடு கலந்து பேசுகிறாரா? ஒருமுறை பாதியில் நின்றவர்கள், மறுபடி போக வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுகிறார்கள். வேண்டாம். பாதியில் நிற்பது இந்தக் கோளாறில் அடிக்கடி நடப்பதுதான், அனுபவம் உள்ள தெரபிஸ்டுகளுக்கு அது தெரியும். போய், போன தடவை எந்த இடத்தில் நின்றீர்கள், அப்போது என்ன தோன்றியது என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.